தகரத்துல ரெண்டு தட்டு

பின்னால ஓடுனா எப்பிடி தம்பி கெடைக்கும்? வாங்க, நெழலுக்கு வாங்க. மூச்ச விடுங்க மொதல்ல. பைய அந்தக் கல்லுல வைங்க, எறும்பு இல்ல. அடுத்த வண்டிக்கு இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு.

நீங்க ஓடுன ஓட்டத்த நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நல்ல ஓட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனா வண்டி இருக்கிற எடத்தப் பாத்துல்ல ஓடுறீக! நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் அது அங்கயே நிக்குமா? உங்களுக்குப் பொண்ணு பாத்து வச்சுக்கிட்டா நிக்குது? வண்டி எங்க வரப்போகுதோ அங்க போய் நிக்கணும் தம்பி. அம்புட்டுத்தான் வித்தை.

எம்பேரு குருவம்மா. இந்த ஆலங்கிணறு விலக்குல இருபத்திரெண்டு வருசமா வெள்ளரிக்கா விக்கிறேன். படிப்பு மூணாப்பு. அதுலயும் மூணாப்புலயே ரெண்டு வருசம். வாத்தியாருக்கு என்னைய விட மனசு வரல. ஆனா ஓடுற வண்டில ஒரு சன்னல்ல ஒரு கை நீளுதுன்னு வைங்க, அந்தக் கை எங்க வரும், எப்ப வரும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன். கையப் பாத்து ஓடக் கூடாது. கைக்கு நாலு எட்டு முன்னால போய் நின்னுக்கிறணும். கை தானா வந்து காய்ல முட்டும்.

இன்னொண்ணு சொல்லணும். வண்டி இங்க ரெண்டு நிமிசம் நிக்கும். டிரைவரு அந்த வேப்பமரத்துக்குப் பின்னால போவாரு, கண்டக்டரு டீக்கடைக்குப் போவாரு. சனம் ஏறி முடிஞ்சா விசிலு ஊதணும்ல? அவரு வாயில வடை இருக்கும், எங்கிட்டு ஊதுறது? அதனால நாங்கதான் தட்டுவோம். வண்டியோட தகரத்துல ரெண்டு தட்டு, 'போலாம் ரைட்'டுன்னு ஒரு சத்தம், வண்டி கெளம்பிரும். எந்தட்டு தனி. மொதத் தட்டு லேசா, ரெண்டாவது ஓங்கி. டொப்பு... டம்! டிரைவருக கண்ணாடியக்கூடப் பாக்க மாட்டாக. 'குருவம்மா தட்டிருச்சு'ன்னு கியரப் போட்டுருவாக. கலெக்டரு கையெழுத்துக்கு இல்லாத மதிப்பு அதுக்கு.

அப்ப இங்க சீனியம்மான்னு ஒருத்தி வித்தா. எனக்கு நாத்துனா முறை, வீட்டுக்காரரோட சித்தப்பா மக. அவளும் வெள்ளரிக்காதான். அவளுக்கு எடது காலு கொஞ்சம் இழுக்கும். வண்டி நிக்கவும் நான் முன்னால இருந்து சன்னல் சன்னலா வித்துக்கிட்டுப் போவேன். அவ பின்னால இருந்து வரணும். அவ அந்தப் புளியமரத்துகிட்ட வர்றதுக்குள்ள எனக்கு முடிஞ்சிரும். முடிஞ்சா என்ன செய்ய? டொப்பு, டம்! அவ பாதி வழில கூடையோட நிப்பா. அதுக்கு நான் என்ன தம்பி செய்ய? காலு இழுக்குறது எங்குத்தமா? வியாபாரம்னா வியாபாரம்.

போன பங்குனி. நல்ல வெயிலு. மூணே கால் வண்டி வந்து நிக்குது. பிரைவேட் வண்டி, டிரைவரு பழைய ஆளு, கண்டக்டரு புதுப்பையன். நான் விக்கிறேன். மூணாவது சன்னல்ல ஒரு பெரியவரு. வெள்ள மீசை, காக்கிச் சட்டை. காயக் கொடுத்தா, காய விட்டுட்டு எங்கையப் புடிச்சுக்கிட்டாரு. விட மாட்டேங்காரு. 'என்னய்யா, வீட்ல சொல்லிட்டு வந்தீகளா, இப்பிடிப் பட்டப் பகல்ல கையப் புடிக்கிறீக'ன்னேன். பக்கத்து சீட்டுல எல்லாம் ஒரே சிரிப்பு. அவரு சிரிக்கல. பச்சப் புள்ள பாக்குமே, அப்பிடிப் பாத்தாரு. மெதுவா உருவிக்கிட்டேன்.

திரும்பிப் பாத்தா, அன்னிக்குன்னு பாத்து சீனியம்மா வேகமா வந்துட்டா. கடைசி சன்னலுக்கு இன்னும் பத்து எட்டுதான். கூடை நெறையக் காயி. நான் எல்லாச் சன்னலையும் முடிச்சிட்டேன்.

தட்டுனேன்.

வண்டி போயிருச்சு. கண்டக்டர் பையன் டீ கிளாஸப் போட்டுட்டு ஓடி, பின்படில தொத்துனான். சீனியம்மா நின்ன எடத்துலயே நின்னா. ஒண்ணும் சொல்ல மாட்டா. சொன்னாலாச்சும் நாலு வார்த்தை பேசலாம்.

புழுதி அடங்கல. டீக்கடைக்குப் பின்னால கழிப்பறைல இருந்து ஒரு பொண்ணு வருது. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஈரக் கைய சேலைல தொடச்சுக்கிட்டே வந்தவ, ரோட்டப் பாத்தா. எங்களப் பாத்தா. திரும்ப ரோட்டப் பாத்தா.

'பஸ்ஸு எங்கக்கா?'

'போயிருச்சே தாயி.'

'எங்கப்பா உள்ள இருக்காரே!'

கோமதின்னு பேரு. அப்பாவ மதுரைக்கு டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறா. 'ஒரு நிமிசம்ணே, வந்துருவேன்'னு கண்டக்டர்ட்டச் சொல்லிட்டுத்தான் எறங்கிருக்கா. வடையோட தலையாட்டிருக்கான் அவன். அது ஆமாவா, வடை நல்லாருக்குன்னா, அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

'இருக்கட்டும் தாயி, அடுத்த ஊர்ல புடிச்சிரலாம், பெரிய மனுசந்தானே, எங்க போயிரப் போறாரு'ன்னேன்.

அப்பதான் சொல்றா. 'அவருக்கு ஞாபகம் இல்லக்கா. எம்பேரே தெரியாது. முப்பது வருசம் பஸ் டிரைவரா இருந்தாரு. இப்பவும் தான்தான் ஓட்டுறோம்னு நெனைப்பு. வண்டி எங்க நின்னாலும் டீ குடிக்கணும்னு எறங்கிருவாரு. எறங்குனா நடந்துகிட்டே இருப்பாரு. போன மாசம் ரெண்டு நாளு கழிச்சுத்தான் கெடைச்சாரு, வாய்க்கால்ல விழுந்து கெடந்தாரு.'

மூணாவது சன்னல்ல எங்கையப் புடிச்ச காக்கிச் சட்டைதான் அது.

அந்நேரம் தண்ணி கேன் ஏத்திக்கிட்டு நம்ம ஊரு ஜெபராசு குட்டியானை லோடு வண்டில வாறான். ஜெபராசு வண்டி ஓட்டுறதப் பாத்தா, ரோட்டுல முட்டையப் பரப்பி வச்ச மாதிரி இருக்கும். வேற வழி? கோமதிய உள்ள தள்ளி நானும் ஏறிட்டேன். கூடைய அப்பிடியே ரோட்டுல போட்டுட்டேன் தம்பி, அதையும் சொல்லணும்ல.

'பஸ்ஸு பின்னால போண்ணே, வேகமாப் போண்ணே'ங்கிறா கோமதி.

'பின்னால போகாத, கண்மாய்க் கரைல எறக்கு'ங்கிறேன் நான்.

அவளுக்கு வந்துச்சே கோவம். 'என்னக்கா, பஸ்ஸு அங்கிட்டுப் போகுது, நீங்க இங்கிட்டுக் கைய காட்டுறீக!'

'ஏத்தா, மூணே கால் வண்டிய ஜெபராசு பின்னால போய்ப் புடிச்சா, மதுரை மீனாச்சி கோயில்லதான் புடிப்பான். கேளு. வண்டி மில்லு ஸ்டாப்பு போகும், பாலம் ஏறித் தண்டவாளத்துக்கு அங்கிட்டு பஜாரு போகும், அங்கிருந்து வளைஞ்சு ரயில்வே கேட்டுக்கு வரும். சுத்து வழி. கண்மாய்க் கரை நேரா கேட்டுல போய் முட்டும். நாம முன்னால போய் நிக்கலாம்.'

'அதுக்குள்ள மில்லுல எறங்கிட்டாருன்னா? பஜார்ல எறங்கிட்டாருன்னா?'

சரியாத்தான் கேட்டா. எல்லாம் தெரிஞ்ச மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு, 'எறக்குடா கரைல'ன்னேன்.

கரைல வண்டி குதிக்குது. கேன் ஒண்ணொண்ணா பின்னால விழுகுது. 'யக்கா, கேனு!'ன்னு ஜெபராசு அழுகுறான். 'கேனு நடந்து வந்து சேரும், நீ மிதி'ங்கிறேன். கோமதி அவன் போன வாங்கி அவ நம்பருக்கே போடுறா. பையி, போனு எல்லாம் அப்பா மடிலதான். அடிக்குது. எடுக்கல. திரும்பப் போடுறா. அடிக்குது, அடிக்குது... எடுத்துட்டாரு!

'அப்பா! அப்பா, எங்கயும் எறங்காதீங்கப்பா! அப்பா, பக்கத்துல யார்கிட்டயாச்சும் குடுங்கப்பா!'

பதில் இல்ல. மூச்சு மட்டும். ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன். வண்டிச் சத்தம் கேக்குது. கண்டக்டர் பய கத்துறான், 'மில்லு எறங்கு, மில்லு!' விசிலு. வண்டிச் சத்தம் அப்பிடியே போனுக்குள்ள ஓடுது. மில்லுல எறங்கல. கோமதி எங்கையப் புடிச்சா பாருங்க, வளையலு நொறுங்கிருச்சு.

பெறகு, 'பஜாரு, பஜாரு!' கசமுசன்னு சத்தம். துணி உரசுற சத்தம். விசிலு. வண்டி கெளம்புது. தம்பி, அந்தச் சத்தம் இந்தத் தடவை போனுக்குள்ள ஓடல. தூரமாப் போகுது. தூரமா... தூரமா... அப்புறம் இல்ல. செருப்புச் சத்தம் மட்டும். சரக், சரக், சரக்.

எறங்கிட்டாரு.

'பஜாருக்குத் திருப்புங்கண்ணே!'ன்னு கோமதி ஸ்டீரிங்கப் புடிச்சு இழுக்குறா. வண்டி கண்மாய்க்குள்ள போகப் பாத்துச்சு. அவ கைல ஒரு போடு போட்டேன்.

'நீ பஜாருக்குப் போறப்ப அவரு பஜார்ல இருக்க மாட்டாருத்தா! நடக்குற மனுசன். எங்க வருவாருன்னு பாரு. பஜார்ல இருந்து ரெண்டு ரோடு. ஒண்ணு மேட்டுல ஏறி சர்ச்சுக்குப் போகும். ஒண்ணு எறக்கமா கேட்டுக்கு வரும். உங்கப்பா மேடு ஏறுவாரா?'

'முட்டி வலிக்கா. வீட்டுப் படி ஏறவே...'

'அப்ப எறக்கம். கேட்டுக்குத்தான் வாராரு. மிதிடா!'

வாய் சொல்லிருச்சு. மேட்டுல ஏறிட்டாருன்னா என்ன செய்யன்னு மனசு ஒரு பக்கம் கேக்குது. போன நடுவுல வச்சுக்கிட்டு அந்தச் செருப்பையே கேட்டுக்கிட்டு வாறோம். சரக், சரக். அப்ப போனுக்குள்ள மணி அடிக்குது. டிங், டிங், டிங், டிங்.

ஜெபராசு மூஞ்சி வெளுத்துருச்சு. 'யக்கா, கேட்டு போடுறான். திருச்செந்தூரு ரயிலு வார நேரம்.'

அவரு கேட்டுக்குத்தான் வாராரு. நான் சொன்னது சரியாப் போச்சு. வாழ்க்கைல மொத தடவை, நான் சொன்னது தப்பாப் போயிருக்கக் கூடாதான்னு நெனைச்சேன்.

கரை முடியிற எடத்துல மடை ஒடைஞ்சு கெடக்கு. வண்டி போகாது. குதிச்சு ஓடுறோம். கோமதி போன விடாம புடிச்சிருக்கா. போன்லயும் மணி, இப்ப காத்துலயும் மணி. ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்துக்கிட்டே வருது. நாங்க தண்டவாளத்துக்கு இங்கிட்டு. கேட்டுக்கு அங்கிட்டுப் பாத்தா, காக்கிச் சட்டை. கைப்பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, போன காதுல வச்சுக்கிட்டு, குனிஞ்சு கேட்டுக்கு அடில நுழையிறாரு. எங்களப் பாத்துத்தான் வாராரு. வந்தா தாண்டிருவாரு. நேரம் இருந்துச்சு தம்பி, ரயிலு வளைவுல கூடத் தெரியல. நடந்தாலே போதும்.

இந்தக் கோமதி கத்துனா பாருங்க, 'அப்பா!'ன்னு.

நின்னுட்டாரு.

நட்ட நடுத் தண்டவாளத்துல நின்னுட்டாரு. போன்லயும் அப்பா, நேர்லயும் அப்பா. எந்தப் பக்கம்னு தெரியல மனுசனுக்கு. போனப் பாக்குறாரு, எங்களப் பாக்குறாரு. கேட் கீப்பரு ரூமுக்குள்ள இருந்து சிவப்புக் கொடிய ஆட்டிக்கிட்டுக் கத்துறாரு. அங்கிட்டு பைக்குல நிக்கிறவன் எல்லாம் கத்துறான். எல்லாரும் கத்தக் கத்த அவரு இன்னும் அசையாம நிக்கிறாரு. அப்ப ஹாரன் கேக்குது. வளைவுல மூஞ்சி தெரியுது.

ஓடி இழுத்துட்டு வரலாமான்னு மனசு கணக்குப் போடுது. இருபது எட்டு போகணும், இருபது எட்டு அவர இழுத்துக்கிட்டு வரணும். காணாது. நான் போய்ப் புடிக்க முடியாது. அவரா வரணும். கோமதி வாயப் பொத்துனேன். எதுக்க கேட்டுக் கம்பி. பாத்தேன்.

டொப்பு... டம்!

'போலாம் ரைட்!'

அந்த மனுசன் நிமிந்தாரு பாருங்க. போன பைல போட்டாரு. எடது கையால கியரு போடுற மாதிரி ஒரு அசைவு. நடந்தாரு. சீரா, நேரா, டீயக் குடிச்சுட்டு சீட்டுல ஏறப் போறவரு மாதிரி எங்களப் பாத்து வந்தாரு. குனிஞ்சு கேட்டுக்கு இங்கிட்டு வரவும் ரயிலு போகவும் சரியா இருந்துச்சு. அந்தக் காத்துல என் சேலை எங்கிட்டோ, நான் எங்கிட்டோ. அவரு எம்முன்னால நின்னு, 'எல்லாரும் ஏறியாச்சா?'ன்னு கேட்டாரு.

எல்லாரும் ஏறியாச்சான்னு.

கோமதி அவரு காலக் கட்டிக்கிட்டு அழுதா. பெறகு என் காலுல விழுந்தா. கேட் கீப்பரு வஞ்சாரு, தண்ணி குடுத்தாரு, திரும்ப வஞ்சாரு. எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்ப கோமதி கண்ணத் தொடச்சுக்கிட்டு என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா.

'அக்கா, இப்ப நீங்க தட்டுனீகளே. இதே மாதிரிதான் கேட்டுச்சு. நான் உள்ள கை கழுவுறப்ப. ஒண்ணு லேசா, ஒண்ணு ஓங்கி. வண்டிய அனுப்புனது யாருக்கா?'

அந்நேரத்துல என்ன தம்பி சொல்ல? எங்காலுல விழுந்து எந்திரிச்ச பிள்ள. நெத்தில எங்கால் புழுதி இருக்கு. வாயில வந்துச்சு, சொன்னேன். 'சீனியம்மான்னு ஒருத்தி. விலக்குல எல்லாரும் அப்பிடித்தான் தட்டுவோம்.'

பொய்னு சொல்ல முடியுமா? அவளும் ஒரு நாளு தட்டத்தானே செய்வா? அன்னிக்கு நான் முந்திட்டேன், அம்புட்டுத்தானே.

ஜெபராசு எங்களத் திரும்ப இங்க கொண்டாந்து எறக்குனான். அப்பாவ ஜெபராசுகிட்ட விட்டுட்டு எறங்குன கோமதி, 'இங்க சீனியம்மா யாரு?'ன்னு கேட்டா. அவ அந்தப் புளியமரத்தடில உக்காந்திருந்தா. 'நாந்தான் தாயி. அப்பா கெடைச்சாரா?'ன்னு எந்திரிச்சா. எந்திரிச்சவள கோமதி புடிச்சுக்கிட்டா. கேக்கக் கூடாத கேள்வி எல்லாம். நாலு காசு வெள்ளரிக்காய்க்கு எங்கப்பாவக் கொல்லப் பாத்தியான்னு. உனக்கு அப்பன் ஆத்தா இல்லையான்னு. டீக்கடை சனம் பூரா பாக்குது. டீக்கடைக்காரருக்குத் தெரியும் யாரு தட்டுனான்னு, அவரு டம்ளரக் கழுவிக்கிட்டே இருக்காரு, ஒரே டம்ளர.

சீனியம்மா என்னையப் பாத்தா. சொல்லப் போறான்னு நெனைச்சேன். நானும் ரெடியா இருந்தேன், எனக்கா வாய் இல்ல? ஆனா அவ கோமதிகிட்டத் திரும்பி, 'அப்பா கெடைச்சுட்டாருல்ல தாயி. அது போதும். தப்புத்தான்'ன்னா.

தப்புத்தானாம்! எவ தப்ப எவ ஒத்துக்கிறது?

அவ காலுகிட்ட எங்கூடை இருந்துச்சு தம்பி. நான் ரோட்டுல போட்டுட்டுப் போனது. எடுத்து நெழல்ல வச்சு, மிச்சக் காயி வாடாம அவ துண்ட நனைச்சு மேல மூடிருக்கா. எங்கூடைய அவ எதுக்குத் தொடணும்? நான் சொன்னேனா?

மறுநாள்ல இருந்து அவ இங்க வாரதில்ல. மில்லு ஸ்டாப்புக்குப் போயிட்டா. அங்க வண்டி அர நிமிசம் கூட நிக்காது. காலு இழுக்குறவ என்னத்த விப்பா? திமிரு. இங்க சன்னல் பூரா இப்ப எனக்குத்தான். விக்கிறேன். கண்டக்டரே விசிலு ஊதிக்கிறட்டும்னு நான் தட்டுறதில்ல.

அவள ஒரு தடவை நிறுத்தி, 'ஏண்டி அன்னிக்கு வாயத் தொறக்கல'ன்னு கேக்கணும். அவ்வளவுதான் எனக்கு. கொழாயடிக்கு அவ வார நேரம் எனக்குத் தெரியும், முன்னாலயே போய் நின்னேன். அன்னிக்கு அவ மக தண்ணிக்கு வந்தா. ரேசன் கடைல போய் நின்னேன். என்னையத் தூரத்துல பாத்துட்டு சந்துக்குள்ள போயிட்டா. பொங்கலுக்குக் கோயில்ல மறிச்சேன், ஆம்பளைக வரிசைக்குள்ள பூந்து போயிட்டா. ஓடுற வண்டி, ஞாபகமில்லாத மனுசன், எல்லாத்துக்கும் முன்னால போய் நின்னவ நான். ஒரு நொண்டிச்சிய மறிக்க முடியல. எங்க வருவான்னு தெரியுது. நான் போறப்ப அங்க இல்ல.

அந்தா, உங்க வண்டி வருது. எந்திரிங்க. ஓடாதீக, இங்கனயே நில்லுங்க, படி இங்க வந்துதான் நிக்கும். எதுக்குப் பைக்குள்ள கைய விடுறீக? வெள்ளரிக்காயா? எங்கிட்ட வேண்டாம். அட, தர மாட்டேன்னா தர மாட்டேன், வைங்க உள்ள.

ஏறி எடது பக்கம் சன்னலோரமா உக்காருங்க. மில்லு ஸ்டாப்புல ஒருத்தி கூடையோட வருவா, இழுத்து இழுத்து. அவ பாதி வரதுக்குள்ள வண்டிய எடுக்கப் பாப்பாக. நீங்க எந்திரிச்சு சத்தம் போடுங்க தம்பி. ஆளு எறங்கணும்னு சொல்லுங்க, செருப்பு விழுந்துருச்சுன்னு சொல்லுங்க, வாயில வர்ற பொய்யச் சொல்லுங்க. எம்பேர மட்டும் சொல்லாதீக. அவ வந்து சேர்ற வரைக்கும் வண்டிய நிறுத்தி வைங்க.